சம்பளமோ கோடிகளில்... கோலோ வெறும் 5! சான்செஸ் சறுக்கியது யார் தப்பு?

2018 ஜனவரியில் அர்செனலில் இருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார் சிலி வீரர் அலெக்சிஸ் சான்செஸ். அர்செனலில் 166 போட்டிகளில் 80 கோல் அடித்தவர். யுனைடெட்டில்? 45 போட்டிகளில் 5 கோல்தான்.

'இவ்ளோ சம்பளம் வாங்கிட்டு ஆடலையே' என ரசிகர்கள் கொதித்தனர். முதல் பயிற்சி முடிந்ததுமே அர்செனலுக்குத் திரும்ப நினைத்ததாக 2020-ல் அவரே சொன்னார்.

அப்போ தப்பு அவர் மேலதானா?

முழுசா இல்லை. மனசு ஒட்டாவிட்டாலும் மைதானத்தில் உழைப்பது வீரரின் கடமை. ஆனால், சம்பளத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது கிளப். அணிக்குப் பொருந்துவாரா என்று பார்க்க வேண்டியதும் கிளப்தான்.

கிளம்ப வேண்டியதுதானே?

அதுதான் சிக்கல். அவ்வளவு பெரிய சம்பளத்தை வேறு கிளப் லேசில் தராது. 2019-ல் இன்டர் மிலானுக்கு லோனில் அனுப்பியபோதும் சம்பளத்தில் ஒரு பங்கை யுனைடெட்டே சுமந்தது. அடுத்த ஆண்டு டிரான்ஸ்பர் கட்டணமே வாங்காமல் விட்டுக்கொடுத்தது.

2021-ல் இன்டர் இத்தாலி லீக் சாம்பியன் ஆனபோது சான்செஸும் அந்த அணியில் இருந்தார்.

உழைப்பு குறைந்தால் வீரரைக் கேட்கலாம். பொருத்தம் பார்க்காமல் வாங்கியிருந்தால் கிளப்பைத்தான் கேட்க வேண்டும்.