மாற்றுத் திறன் குழந்தைகளுக்கு ஏற்ற விளையாட்டுப் பொம்மைகள்

பொத்தானை அழுத்தியதும் கொட்டடிக்கும் கரடிப் பொம்மையைப் பெற்ற குழந்தை, அதை மீண்டும் மீண்டும் அழுத்தி மகிழ்கிறது. தன் செயலால் ஒன்று நிகழ்கிறது என்னும் காரண காரியத் தொடர்பை அது இவ்வாறே கற்கிறது. ஆனால் மூளை முடக்குவாதத்தால் விரல்கள் வசப்படாத குழந்தையால் அச்சிறு பொத்தானை அழுத்த இயலாது. பிறர் இயக்க, அது பார்த்திருக்க நேரிடுகிறது. இந்நிலை நீடிப்பின், தன்னால் எதுவும் ஆகாது என்ற எண்ணம் அதன் உள்ளத்தில் வேரூன்றக்கூடும்.

இதனைத் தவிர்க்கப் புதிய பொம்மை வேண்டுவதில்லை. மின்னோட்டத்தை இயக்கும் இடத்தைக் குழந்தைக்கு எட்டும்படி மாற்றினாலே போதும். கல்லூரி மாணவர்கள் சில மணி நேரத்தில் செய்யக்கூடிய வேலை இது.

இரண்டு முறைகள்

முதலாவது முறையில் பொம்மையைப் பிரிக்க வேண்டியதில்லை. ஓர் அட்டைத் துண்டின் இருபுறமும் மெல்லிய செப்புத் தகடுகளை ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கம்பியைப் பற்றவைத்து, பாட்டரிக்கும் அதன் தொடுமுனைக்கும் இடையே செருக வேண்டும். மின்சுற்று துண்டிக்கப்படும். கம்பிகளின் மறுமுனைகளை ஒரு பெரிய சுவிட்சுடன் இணைத்துவிட்டால், குழந்தை அதனை அழுத்தும்போது மட்டுமே சுற்று நிறைவுற்றுப் பொம்மை இயங்கும். பொம்மையின் சொந்த சுவிட்ச் எப்போதும் ‘ஆன்’ நிலையிலேயே இருத்தல் வேண்டும்.

ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தினாலன்றி இயங்காத பொம்மைக்கு இம்முறை பயன்படாது. அதனைப் பிரித்து, பொத்தானின் இரு முனைகளிலிருந்தும் கம்பிகளை வெளியே கொண்டுவர வேண்டும். பழைய பொத்தானும் வேலை செய்யுமாதலால், உடன்பிறந்தோரும் சேர்ந்து விளையாடலாம்.

சுவிட்சை எங்கே வைப்பது என்பதே முக்கியமான வினா. கை, முழங்கை, தலை, கால் ஆகியவற்றுள் எவ்வசைவு குழந்தைக்கு எளிதோ, அதனைப் பயிற்சியாளரும் பெற்றோரும் கண்டறிந்து கூற வேண்டும்.

பாதுகாப்பிலும் கவனம் தேவை. பாட்டரியால் இயங்கும் பொம்மைகளையே எடுத்துக்கொள்ளல் வேண்டும். வீட்டு மின்சாரத்தோடு இணைப்பவை ஆகா. பொத்தான் வடிவ பாட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். ஆகவே அதன் மூடியைத் திருகாணியால் இறுக்க வேண்டும்.

பிற நாடுகளிலும் நம் நாட்டிலும்

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் ‘ஹஸ்கி அடாப்ட்’ என்ற குழுவாகக் கூடிப் பொம்மைகளை இவ்வாறு மாற்றுகின்றனர். டெலவேர் பல்கலைக்கழகத்தில் கோல் கேலவே தொடங்கிய ‘கோ பேபி கோ’ திட்டத்தில், குழந்தைகள் ஏறி ஓட்டும் பாட்டரிக் கார்களில் பெரிய சுவிட்சும், குழாய்களாலான தாங்கு சட்டமும் பொருத்தப்பட்டன.

இப்பணிக்கு வேண்டிய இருவகை அறிவும் மைசூரில் அருகருகே உள்ளன. விஜயநகருக்கு அதிகத் தொலைவில் இல்லாத மானசகங்கோத்திரியில், 1965இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. 1963இல் தொடங்கிய ஸ்ரீ ஜயசாமராஜேந்திரா பொறியியற் கல்லூரியும் அப்பகுதியிலேயே உள்ளது. பெங்களூர் செல்லும் வழியிலுள்ள சென்னபட்டணத்தில், வெப்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிப் பொம்மை செய்யும் கைவினைஞர் வாழ்கின்றனர். பிடி தளர்ந்த கைக்கு ஏற்பத் தடித்த கைப்பிடியைக் கடைந்து தருவது அவர்களுக்கு அரிதன்று. அதற்கு மின்சாரமும் வேண்டாம்.

செப்புத் தகடும், கம்பியும், சுவிட்சும் கடைத்தெருவில் கிடைப்பவையே. ஆயத்தமாக விற்கப்படும் மாற்றப்பட்ட பொம்மைகளோ சாதாரணப் பொம்மைகளைக் காட்டிலும் பல மடங்கு விலையுடையவை. மின்சுற்றைப் பாடமாகப் படிக்கும் மாணவர், அருகிலுள்ள சிறப்புப் பள்ளிக்கு ஒரு பொம்மையைச் செய்தளிப்பாராயின், தான் கற்றதன் பயனை அக்குழந்தையின் முகத்திலேயே காண்பார்.