இரும்புக் கல்லின் சோபை

வைரமும் மாணிக்கமும் தம்முள் புகுந்த ஒளியை விளையாட விட்டுப் பெயர் வாங்கியிருக்க, ஒளியைத் துளியும் உள்ளே அனுமதியாமல் மேனியிலேயே தடுத்துத் திருப்பியனுப்பும் சுபாவத்தாலேயே அழகு பெற்ற ஹேமடைட் என்னும் கருங்கல், நவரத்தினங்களின் வரிசையில் சேராமல், மணிமாலையாகவும் காதணியாகவும் சாமானியரின் ஆபரணமாயிற்று. பட்டை தீட்டி உள்ளொளியைக் கிளப்ப இதில் வழியில்லை. உருட்டி மெருகேற்றினாலோ, எஃகின் சாயலுள்ள ஒரு கரிய பிரகாசம் பிறக்கிறது.

இரும்பும் பிராணவாயுவும் கூடிய இந்த வஸ்துவின் எடையில் நூற்றுக்கு எழுபது பங்கு இரும்பே. உலையில் உருக்கப்படும் தாதுவும் கழுத்தில் தொங்கும் மணியும் ஒரே குலம் என்றால் நம்புவது கடினந்தான். துருவுக்கு நெருங்கிய உறவாகையால் இது மேற்கொண்டு துருப்பிடிப்பதுமில்லை. சாதாரணக் கண்ணாடி தண்ணீரைப் போல் இரண்டரை மடங்கு கனமென்றால், இது ஐந்து மடங்குக்கும் மேல். மாலையை உள்ளங்கையில் ஏந்தினாலே வித்தியாசம் புலப்படும்.

ஆயினும் இதன் பெரிய விசித்திரம் நிறத்தில் இருக்கிறது. மெருகு பூசாத பீங்கான் ஓட்டின்மேல் இழுத்துப் பார்த்தால், கரிய கல் செம்பழுப்புக் கோடு கிழிக்கும். கோயில் மதிலில் பட்டையடிக்கும் காவிக்குச் செம்மை தருவதும், பொன் நகைக்கு மெருகேற்ற உதவும் சிவப்புத் தூளாவதும் இதே ஆக்ஸைடுதான்.

ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியர் இக்கல்லின் அருமையை உணர்ந்திருந்தனர். வெள்ளியை நிறுக்க அவர்கள் இதில் எடைக்கற்கள் செய்தார்கள். விரற்கணு அளவேயான உருளையில் தெய்வங்களையும் எழுத்துகளையும் தலைகீழாகச் செதுக்கி, நடுவே துளையிட்டுக் கயிற்றில் கோத்து அணிந்து, வேண்டும்போது ஈரக் களிமண்ணில் உருட்டி முத்திரை பதித்தார்கள். நகையே கையொப்பமாகவும் விளங்கிய அந்த ஏற்பாடு எனக்கு இன்றைய மோதிரங்களைக் காட்டிலும் ரசமானதாகத் தோன்றுகிறது.

இக்காலத்தில் ‘காந்த ஹேமடைட்’ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் செய்த ஃபெர்ரைட் மணிகள். அசல் கல் காந்தத்துக்கு அவ்வளவாக அசைந்துகொடுக்காது. ரத்த அழுத்தம் தணியும், மூட்டுவலி தீரும் என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை. விலை மலிவு என்பதால் ஏமாந்தாலும் பெருநஷ்டமில்லை என்பது வேறு விஷயம்.

அணிபவர் அறியவேண்டியது ஒன்றுண்டு. இதன் கடினம் மோஸ் அளவில் ஐந்தரை முதல் ஆறரை வரையே; தெருப்புழுதியிலுள்ள மணலோ ஏழு. ஆகவே அடிக்கடி உரசும் மோதிரத்தைவிடக் காதிலும் கழுத்திலும் இது நெடுநாள் பொலியும். கீழே விழுந்தால் உடையவும் கூடுமாதலால், கழற்றியதும் மெல்லிய துணியில் சுற்றித் தனியே வைப்பது நலம்.