கல்லாப் பணம் யாருடையது?

இரவு கடையை எடுத்து வைத்துவிட்டுக் கல்லாவை எண்ணிக் கட்டுப் போடும்போது மனதுக்குள் ஒரு தெம்பு வருவது வணிகர் அனைவருக்கும் இயல்பு. ஆனால் அந்தக் கட்டில் நம்முடைய பணம் எவ்வளவு? மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது, கடை வாடகை, ஆட்களின் சம்பளம், மின்கட்டணம், அரசுக்குக் கட்ட வேண்டிய வரி, இவையெல்லாம் போக மிஞ்சுவதுதான் நம்முடையது. இது தெரியாத வணிகர் யாரும் இல்லை. தெரிந்திருந்தும் பையன் வந்து கேட்டால் இரண்டு நோட்டு, வீட்டுக்குக் காய்கறி வாங்க ஒரு நோட்டு, உறவினர் வீட்டு விசேஷத்துக்கு மொய் என்று கல்லாவில் இருந்தே எடுத்துக் கொடுக்கிறோம். எழுதி வைப்பதும் இல்லை. இப்போது பாதிப் பணம் கல்லாவுக்கே வராமல் கைபேசி வழியாக வங்கிக் கணக்கில் விழுகிறது. கண்ணால் பார்க்காத பணம் இன்னும் வேகமாகக் கரைகிறது.

கூட்டம் குறையாத கடை திடீரென்று ஒருநாள் மூடப்படுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். விசாரித்தால் வியாபாரத்தில் நஷ்டம் இருக்காது. வீட்டுச் செலவு கடை முதலைத் தின்றிருக்கும். லாபத்தைத் தின்றால் வயிறு நிறையும், முதலைத் தின்றால் கடை காலியாகும்.

இதற்கு மருந்து எல்லாச் சமயங்களிலும் சொல்லப்பட்டிருக்கிறது. கிறிஸ்தவ மார்க்கத்தில் சொல்லப்பட்ட முறையையும், அதைக் கணக்கு எழுதிக் கடைப்பிடித்துக் காட்டிய ஒருவரையும் பற்றி இங்கே எழுதுகிறேன். எந்தச் சமயத்தைச் சேர்ந்த வணிகருக்கும் இது பயன்படும்.

உக்கிராணக்காரன் கணக்கு

கல்யாண வீடுகளில் உக்கிராண அறை என்று ஒன்று இருக்கும். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி எல்லாம் அங்கேதான் இருக்கும். சாவி ஒருவர் கையில் இருக்கும். அவர் இஷ்டம்போல் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் சரக்கு அவருடையது அல்ல. விருந்து முடிந்ததும் பெண் வீட்டாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். தமிழ் வேதாகமத்தில் இந்த வேலையைச் செய்பவனுக்கு "உக்கிராணக்காரன்" என்றே பெயர். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 16ஆம் அதிகாரத்தில் எஜமானுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டிய ஓர் உக்கிராணக்காரனின் கதையை இயேசு சொல்கிறார்.

பணத்தைப் பற்றிய கிறிஸ்தவப் பார்வையின் வேர் இதுதான். செல்வம் கடவுளுடையது, மனிதன் அதன் காப்பாளன் மட்டுமே. எனவே, "என் பணம், எப்படியும் செலவழிப்பேன்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாத வணிகர்கூட இதில் ஓர் உண்மையைக் காண்பார். மொத்த வியாபாரியின் பணமும் அரசின் வரிப் பணமும் நம் கல்லாவில் இருக்கும்வரை நாமும் உக்கிராணக்காரர்கள்தாம்.

28 பவுண்டு வாழ்க்கை

இங்கிலாந்தில் 1703இல் பிறந்த ஜான் வெஸ்லி, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த போதகர். அவருடைய தந்தை சாமுவேல் ஒரு பாதிரியார். கடனைத் திருப்பிக் கட்ட முடியாததால் 1705இல் லிங்கன் நகரக் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அப்போது ஜானுக்கு இரண்டு வயது. கடன் ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்று அறிந்த வீட்டில்தான் அவர் வளர்ந்தார்.

ஆக்ஸ்போர்டில் வாழ்ந்த ஓர் இளைஞனைப் பற்றி வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார். அந்த இளைஞன் அவரேதான் என்று கருதப்படுகிறது. முதல் ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டைத் தர்மம் செய்தான். அடுத்த ஆண்டு வருமானம் 60 ஆனது. செலவு அதே 28, தர்மம் 32. மூன்றாம் ஆண்டு வருமானம் 90, தர்மம் 62. நான்காம் ஆண்டு 120. அப்போதும் 28இல் வாழ்ந்து 92ஐக் கொடுத்தான்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது தர்மத்தின் அளவை மட்டும் அல்ல. வருமானம் நான்கு மடங்கு ஆனபோதும் வீட்டுச் செலவு ஒரு காசு கூடவில்லை. நம் நிலைமை எப்படி? தீபாவளி வியாபாரம் நன்றாக நடந்தால் தை மாதத்துக்குள் புதிய வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. தவணை மட்டும் ஆடி மாத மந்தத்திலும் கட்ட வேண்டியிருக்கிறது.

ஏழைகளுக்காக வெஸ்லி சின்னச் சின்ன நூல்களை எழுதிப் பெரும்பாலும் ஒரு பென்னி விலைக்கு விற்றார். எதிர்பாராத அளவுக்கு விற்று, தாம் அறியாமலே பணக்காரர் ஆகிவிட்டதாக அவரே குறிப்பிடுகிறார். அப்போதும் அவர் வாழ்க்கை மாறவில்லை. 1776இல் வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி கேட்டு அதிகாரிகள் கடிதம் அனுப்பியபோது, தம்மிடம் இருப்பது லண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு, ஆக நான்கு வெள்ளித் தேக்கரண்டிகள் மட்டுமே என்று பதில் எழுதினார்.

சம்பாதி, சேமி, கொடு

பணத்தைப் பயன்படுத்துவது பற்றி வெஸ்லி செய்த பிரசங்கம் புகழ்பெற்றது. அதில் மூன்று விதிகள் சொல்கிறார். முடிந்த அளவு சம்பாதிக்க வேண்டும், முடிந்த அளவு மிச்சப்படுத்த வேண்டும், முடிந்த அளவு கொடுக்க வேண்டும்.

முதல் விதியைக் கேட்டு வணிகர் மகிழ்வார். ஆனால் அதற்கு அவர் வேலி போட்டிருக்கிறார். உடம்பைக் கெடுத்துச் சம்பாதிக்கக் கூடாது; நேரத்துக்குச் சாப்பாடும் தூக்கமும் இல்லாத உழைப்பு கூடாது. மனச்சாட்சியைக் கெடுத்துச் சம்பாதிக்கக் கூடாது. பொய்யும் ஏமாற்றும் வரி ஏய்ப்பும் கூடாது. பக்கத்துக் கடைக்காரரைக் கெடுத்துச் சம்பாதிக்கக் கூடாது. அடுத்தவர் வியாபாரத்தை அழிப்பதற்காகச் சந்தை விலைக்குக் கீழே விற்பதும், அவருக்குத் தேவையான வேலையாட்களை ஆசை காட்டி இழுப்பதும் தவறு என்று வெஸ்லி வெளிப்படையாகவே சொல்கிறார். நம் சங்கக் கூட்டங்களில் இன்றும் பேசப்படும் பிரச்சினைகள் இவை.

சேமிப்பில் அவர் கஞ்சத்தனத்தைச் சொல்லவில்லை. நாக்கு ருசிக்கும், கண்ணுக்கும், ஊர் மெச்சுவதற்கும் செய்யும் வீண் செலவை நிறுத்தச் சொன்னார். கடை முதலையும் அவர் மறக்கவில்லை. வேறொரு பிரசங்கத்தில், பணம் எடுத்து வைக்கத் தக்க காரணங்கள் நான்கு என்கிறார். ஒருவருக்கும் கடன்படாமல் இருக்க, அன்றாடத் தேவைக்கு, குடும்பத்தின் எதிர்காலத்துக்கு, இவற்றுக்கு ஆதாரமான தொழிலை நடத்தத் தேவையான முதலுக்கு. தர்மம் செய்கிறேன் என்று கொள்முதல் பணத்தைக் கொடுப்பது அவர் கணக்கில் தர்மம் ஆகாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன நம் பெரியவர்களின் வழியும் இதுதான்.

கொடுப்பதிலும் வரிசை உண்டு. முதலில் தன் தேவை, பிறகு மனைவி மக்கள், வீட்டு வேலையாட்கள்; மிஞ்சினால் தன் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள், அதற்கும் மேல் மிஞ்சினால் எல்லா மனிதரும். மகமை வசூலித்துப் பள்ளிக்கூடங்கள் எழுப்பிய ஊர்கள் உள்ள நம் மண்ணில் இந்தக் கொடை முறையை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஐந்து பவுண்டில் தொடங்கிய கடை

வெஸ்லி தர்மத்தோடு நிற்கவில்லை. ஏழைத் தொழிலாளிகள் வட்டிக்காரரிடம் சிக்காமல் இருக்க 1746இல் லண்டனில் ஒரு கைமாற்று நிதியைத் தொடங்கினார். முதலில் திரண்ட பணம் 30 பவுண்டு 16 ஷில்லிங். ஒருவருக்கு ஒரு நேரத்தில் 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு மட்டுமே கடன். வாராவாரம் கட்டி மூன்று மாதத்தில் தீர்க்க வேண்டும். அந்தச் சின்ன முதலைக் கொண்டு 18 மாதங்களில் 255 பேர் பயன் பெற்றதாக அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று என்றால் 18 மாதத்தில் ஆறு சுற்று. சரக்கு சுழல்வதுபோல் பணமும் சுழன்றது. கொடுக்கும்போதே வட்டியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தரும் தண்டல்காரரிடம் மாட்டிய சில்லறை வியாபாரிக்கு இதன் அருமை தெரியும். பிற்காலத்தில் கடன் வரம்பு ஐந்து பவுண்டாக உயர்ந்தது.

அந்த ஐந்து பவுண்டை வாங்கியவர்களில் ஜேம்ஸ் லாக்கிங்டன் என்ற செருப்புத் தொழிலாளியும் ஒருவர். கையில் அரை கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங் காசோடு லண்டன் வந்தவர். 1774இல் சின்னப் பழைய புத்தகக் கடை வைத்தார். சரக்கின் மதிப்பு சுமார் ஐந்து பவுண்டு. மெதடிஸ்ட் நிதியில் வட்டியில்லாமல் மூன்று மாதத் தவணையில் ஐந்து பவுண்டு வாங்கினார். ஆறு மாதத்தில் சரக்கு 25 பவுண்டாக உயர்ந்தது.

1780இல் அவர் ஒரு முடிவெடுத்தார். யாருக்கும் கடன் இல்லை, எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் ரொக்கம்தான். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே கடைசி விலையை எழுதி வைத்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் கணக்கு வேறு. கடன் கொடுத்தால் பாக்கி வர மாதக்கணக்கில் ஆகும், சிலது வராமலே போகும், வசூலுக்கு அலைய ஆள் வேண்டும். அந்த நஷ்டத்தை விலையில் ஏற்றாமல் இருந்தாலே மலிவாக விற்கலாம். 1790களில் லண்டன் பின்ஸ்பரி சதுக்கத்தில் இருந்த அவர் கடை நகரத்தின் பேர்போன கடைகளில் ஒன்றானது. சின்ன லாபமே பெரிய காரியம் செய்யும் என்று தம் வண்டியில் எழுதி வைத்திருந்தார். லாபத்தையும் செலவையும் தொடர்ந்து எழுதி வந்ததால், வரவுக்குத் தக்கபடி செலவை அமைத்துக்கொள்ள முடிந்தது என்பதும் அவர் தரும் வாக்குமூலம்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மெதடிஸ்ட்டுகளை விட்டு விலகிய லாக்கிங்டன், 1791இல் வெளியிட்ட சுயசரிதையில் தமக்குக் கைகொடுத்தவர்களையே கேலி செய்தார். 1804இல் மற்றொரு புத்தகம் எழுதி அதற்காக வருந்தினார். 1815இல் இறப்பதற்கு முன் சில ஊர்களில் அவர்களுக்கு ஆலயம் கட்டிக் கொடுத்தார். அவர் மலிவு விலையால் மற்றப் புத்தக வியாபாரிகளுக்கு அவர்மேல் கோபம் இருந்தது. சந்தை விலைக்குக் கீழே விற்காதே என்ற வெஸ்லியின் விதியோடு இது பொருந்துமா? வாசகர்களே தீர்மானிக்கலாம். என் கருத்து இது: சிக்கனத்தால் வரும் மலிவு வேறு, அடுத்த கடையை மூட வைப்பதற்காக நஷ்டத்துக்கு விற்கும் மலிவு வேறு.

ஜாமீன் கையெழுத்து

பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவருக்காக நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். "சும்மா ஒரு கையெழுத்துதானே மாமா" என்றார். நான்கு வருடம் அந்தத் தவணையை என் கடை கட்டியது. பிற்பாடு வேதாகமத்தின் நீதிமொழிகள் பகுதியைப் படித்தபோது, ஜாமீன் நிற்பதன் ஆபத்தைப் பல இடங்களில் எச்சரித்திருப்பதைக் கண்டேன். நின்றுவிட்டால், அன்று தூங்கும் முன்பே போய்க் கேட்டு விடுவித்துக்கொள்ளச் சொல்கிறது. கடன் வாங்கியவன் கொடுத்தவனுக்கு அடிமை என்ற கருத்தும், கள்ளத் தராசைக் கண்டிக்கும் கருத்தும் அதே நூலில் உள்ளன. கட்டடம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசு கேட்டதாகவும் சுவிசேஷத்தில் வருகிறது. கடையை விரிவுபடுத்த நினைப்பவர் முதலில் அங்கேதான் தொடங்க வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

எல்லோரும் வெஸ்லியைப்போல் வாழ முடியாது. அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. நமக்குப் படிப்புச் செலவும் கல்யாணச் செலவும் உண்டு. ஆனால் அவர் முறையை நம் அளவுக்குப் பயன்படுத்தலாம்.

1. கடையிலிருந்து உங்களுக்கென்று மாதச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்து, வீட்டுச் செலவை அதற்குள் அடக்குங்கள். நல்ல மாதத்தில் அதை உயர்த்தாதீர்கள்.

2. கல்லாவில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். வீட்டுக்கு எடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் எழுதுங்கள். கைபேசி வரவைக் கடைக்கென்று தனி வங்கிக் கணக்கில் வாங்குங்கள்.

3. வரிப் பணத்தையும் கொள்முதல் பணத்தையும் வாராவாரம் தனியே ஒதுக்குங்கள்.

4. கடன் வியாபாரத்தை அடியோடு நிறுத்த முடியாவிட்டால், ஆளுக்கு ஒரு வரம்பும் நாளும் குறித்துக் கொடுங்கள்.

5. தர்மத்துக்கும் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். கேட்டவருக்கெல்லாம் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பதைவிட இதில் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் மரியாதை உண்டு.

அந்தச் சின்ன நோட்டை நான் வைத்த முதல் மாதம் முடிவில் கூட்டிப் பார்த்தேன். கணக்கில்லாமல் வீட்டுக்குப் போயிருந்த பணம் கடை வாடகையைவிட அதிகம். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் மொத்த வியாபாரியின் ஆள் வசூலுக்கு வந்தபோது, பல வருடங்களில் முதல் முறையாக, "நாளைக்கு வாங்க தம்பி" என்று சொல்லாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

படியில் அளக்கும்போது முதல் படிக்கு "லாபம்" என்று சொல்லித் தொடங்குவது நம் வழக்கம். அந்த லாபம் வீட்டுக்கும் கடைக்கும் நிலைக்க வேண்டுமானால் இன்று இரவே அந்த நோட்டைத் தொடங்குவோம்.