ஹிட்டுப் பாட்டின் பக்கவாசல்

சென்னையில் மாலை ஆறு மணி என்றால் சிங்கப்பூரில் எட்டரை. பாட்டுப் பைத்தியம் பிடித்த எங்கள் கூட்டத்துக்கு இந்த இரண்டரை மணி நேரக் கணக்கு மனப்பாடம். ‘இன்று மாலை 6 மணிக்கு முதல் சிங்கிள்’ என்று ஒரு போஸ்டர் வந்துவிட்டால் போதும். எட்டேகாலுக்கே தேக்காவில் எங்கள் மேசையில் கைப்பேசிகள் தண்ணீர் பாட்டில்மேல் சாய்ந்து நிற்கும். பரோட்டா ஆறும். ஆறட்டும்! எட்டரைக்கு லிரிக் வீடியோ இறங்கும். பாட்டு முடிந்த கையோடு வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு வரும்: “சுமார்தான்.” ஐந்து நிமிடம் கழித்து அதே ஆளிடமிருந்து இன்னொரு செய்தி: “ரிப்பீட்ல ஓடுது லா.”

இதெல்லாம் முன்வாசல் கூத்து. இன்றைக்கு உங்களைப் பின்பக்கமாகக் கூட்டிப்போகிறேன், சத்தம் போடாமல் வாருங்கள். ஒலிப்பதிவுக் கூடம், மேடை ஓரம், டிஜேயின் மடிக்கணினி என்று எங்கெல்லாம் எட்டிப் பார்க்க முடியுமோ அங்கெல்லாம் பார்த்துவிடலாம். அண்மையில் நம்மைப் பிடித்து ஆட்டிய பாட்டுகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். கோடிக்கணக்கில் கொட்டி, கவுண்ட்டவுன் போட்டு, முன்வாசலில் தோரணம் கட்டி அழைத்துவந்த பாட்டு ஒருபக்கம் நிற்கும். யாரும் எதிர்பாராமல் பக்கவாசல் வழியே நுழைந்த ஒன்று நடுக்கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும்.

நம்பவில்லையா? மழையிலிருந்து ஆரம்பிப்போம்.

2025 மே மாதம், சென்னையில் ‘தக் லைஃப்’ இசை வெளியீட்டு விழா. கமல், மணிரத்னம், ரஹ்மான் என்று பெருந்தலைகள் கூடிய மேடை. ‘முத்த மழை’யைத் தமிழில் பாடியவர் தீ. அவரால் விழாவுக்கு வர முடியவில்லை. அதே பாட்டைத் தெலுங்கிலும் இந்தியிலும் பாடியிருந்த சின்மயி மைக்கைப் பிடித்தார். 2018-க்குப் பிறகு தமிழ்த் திரையிசையில் அவருக்கு வாய்ப்புகள் எப்படி அடைபட்டுப்போயின என்பது ஊரறிந்த கதை. அப்படிப்பட்டவர் ஆளில்லாத இடத்தை நிரப்ப வந்து நின்று பாடினார் பாருங்கள்... அய்யோ! மறுநாள் காலை எம்ஆர்டியில் பக்கத்துச் சீட்டுப் பெண்ணின் காதுக்கருவியிலிருந்து கசிந்ததும் அந்த மேடைப் பதிவுதான். தீ கட்சியா, சின்மயி கட்சியா என்று வீட்டுக்கு வீடு சண்டை. என் ஓட்டு சின்மயிக்கு. ஆனால் தீயின் குரலில் இருக்கும் அந்த மிதப்பைக் குறை சொல்பவர்களோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. இதில் உச்சகட்ட வேடிக்கை, திரையரங்கில் படம் பார்க்கப் போனவர்களுக்கு அந்தப் பாட்டே இல்லை!

அடுத்து ‘கூலி’யின் ‘மோனிகா’. இத்தாலிய நடிகை மோனிகா பெலூச்சியின் பெயரில் ஒரு பாட்டு. இசை அனிருத். பாடியவர்களில் சுப்லாஷினி, ராப்புக்கு அசல் கோலார். சிவப்பு உடையில் பூஜா ஹெக்டே, பின்னால் துறைமுகம், ஆட்டத்துக்கு ஒரு பெரும்படை. எல்லாக் கண்ணும் பூஜாமேல் இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம். நடந்தது என்ன? ஓரத்திலிருந்து மலையாள நடிகர் சௌபின் ஷாஹிர் இடுப்பை ஒரு வெட்டு வெட்டினார். கதை முடிந்தது! அந்த வாரம் சமூக மன்றத்தில் ஒத்திகை பார்த்த பிள்ளைகள் பூஜா ஆட்டத்தை விட்டுவிட்டுச் சௌபின் ஆட்டத்துக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். மெட்டைப் பற்றி என் கருத்து? பாதிப் பாட்டு பட்டாசு, மீதிப் பாட்டைச் சௌபின் தோளில் சுமக்கிறார். அதே படத்தில் டி. ராஜேந்தரையும் அறிவையும் ஒரே பாட்டில் கோத்த ‘சிக்கிட்டு’தான் என் செல்லம். அந்தக் கூட்டணியை யோசித்த மூளைக்கு ஒரு பொன்னாடை!

சரி, பாட்டு பிறக்கும் இடத்துக்கு வருவோம். பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், சொல் பிறகுதான். இசையமைப்பாளர் ‘தானன்னா’ என்று தத்தகாரம் போட்டு முனகிவைப்பார். இல்லையென்றால் வாயில் வந்த டம்மி வரிகளை வைத்துப் பாடிவைப்பார். பாடலாசிரியர் அந்த அளவுக்குச் சொல்லை உட்காரவைப்பார். பிறகு ட்ராக் பாட ஒருவர் வருவார். பெரிய பாடகர் வந்து பாடும்வரை இடத்தைப் பிடித்துவைக்கும் குரல் அது. சில நேரம் அந்தக் குரலே எல்லாருக்கும் பிடித்துப்போய் அப்படியே நிலைத்துவிடும். முனகலாகக் கிடந்தது உலகத்தை ஆட்டிய கதைக்கு ‘கொலவெறி’யைவிட நல்ல சாட்சி வேண்டுமா? முழுசாக மெருகேற்றும் முன்பே பதிவு வெளியே கசிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் 2011 நவம்பர் 16 அன்று அவசரமாக அதிகாரபூர்வப் பதிப்பை வெளியிட்டார்கள். மற்றதை உங்கள் காதே சொல்லும்.

இன்றைய பாட்டுகளில் முன்னிசை எங்கே காணாமல்போனது என்று கேட்கிறீர்களா? ஸ்பாட்டிஃபையில் ஒருவர் 30 வினாடியாவது கேட்டால்தான் அது ஒரு கணக்கு. அதற்குள் ஆளைப் பிடிக்க வேண்டும். எனவே வயலின் கூட்டம் நிதானமாக நடைபழகும் தொடக்கத்துக்கு இப்போது இடமில்லை. எடுத்த எடுப்பில் கொக்கி போட வேண்டும். இரண்டு சரணம் ஒன்றாகிவிட்டது. மீந்த இடத்தில் ஒரு ராப். எனக்கு ராப் பிடிக்கும். ஆனால் எல்லாப் பாட்டிலும் மூன்றாம் நிமிடத்தில் ஒருவர் வந்து மூச்சுவிடாமல் பேசிவிட்டுப் போவது கொஞ்சம் அதிகம், இல்லையா?

கொக்கியைக் கச்சிதமாகப் போட்ட ஆள் சாய் அபயங்கர். பாடகர்கள் திப்பு, ஹரிணி வீட்டுப் பிள்ளை. சினிமாக் கதவைத் தட்டி நிற்காமல், 2024 தொடக்கத்தில் ‘கட்சி சேர’வைத் தனிப்பாட்டாக இறக்கினார். அதே ஆண்டில் ‘ஆச கூட’ வந்தது. படமில்லை, நாயகன் அறிமுகமில்லை, ரசிகர் மன்றமில்லை. பாட்டு மட்டும் ஊரைச் சுற்றியது. சினிமா அவரைத் தேடி வந்தது. 2025 தீபாவளிக்கு அவர் இசையில் ‘டியூட்’ வந்தபோது ‘ஊரும் பிளட்’ ஏற்கெனவே எல்லார் கைப்பேசியிலும் இருந்தது. என்னைக் கேட்டால் இன்னும் ‘கட்சி சேர’தான் முதலிடம். பெரிய பட்ஜெட் வந்தபின் கொஞ்சம் பளபளப்பு ஏறிவிட்டது.

அந்த ‘டியூட்’ படத்திலேயே இன்னொரு கூத்து. புதுப் பாட்டுகள் வரிசைகட்டி நிற்க, மமிதா பைஜு ஆடிய ‘கருத்த மச்சான்’ அள்ளிக்கொண்டு போனது. 1991-இல் ‘புது நெல்லு புது நாத்து’க்காக இளையராஜா போட்ட பாட்டு! உரிமை கேட்டு அவர் உயர் நீதிமன்றம் போனது தனிக்கதை. ‘டியூட்’டுக்கு முந்தைய ஆண்டு ‘லப்பர் பந்து’ படத்தில் தினேஷ் மைதானத்தில் இறங்கும்போதெல்லாம் ஒலித்ததும் 1989-ஆம் ஆண்டு ‘பொன்மனச் செல்வன்’ பாட்டுதான். பிள்ளைகள் அதைப் புதுப்பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்தாதீர்கள். அப்படியே இருக்கட்டும்.

இப்போது நமது ஊரின் உண்மையான பட்டியலைக் காட்டுகிறேன். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண விருந்து. மாப்பிள்ளை பெண் உள்ளே நுழைய இன்னும் நேரமிருக்கிறது. மேடை ஓரம் கறுப்புத் துணி போர்த்திய மேசை, அதன் பின்னால் டிஜே தம்பி. “கொஞ்சம் எட்டிப் பார்க்கலாமா தம்பி?” என்றேன். “வாங்கக்கா, ஒயர்ல மட்டும் கால் வச்சிடாதீங்க” என்றார். உள்ளே போய்விட்டேன்!

மடிக்கணினித் திரையில் கோப்புறைகள். ‘மாமா’, ‘அத்தை’, ‘பொடிசு’, ‘என்ட்ரி’, கடைசியாக ‘வீட்டுக்குப் போங்க’. சத்தியமாக அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்! மண்டபத்தைக் காலி செய்யும் நேரம் நெருங்கினால் அதிலிருந்து மெல்லிசை வருமாம். ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் ஓர் எண், நிமிடத்துக்கு எத்தனை அடி என்று. பாட்டின் அலைக்கோட்டில் வண்ணக் குறிகள். சிவப்பு இருக்கும் இடத்தில் குத்து தொடங்கும். பச்சை இருக்கும் இடத்தில் தம்பி வெட்டிவிடுவார்.

“பல்லவி ஓடுறப்ப எல்லாரும் ஆடுவாங்கக்கா. சரணம் வந்தா சனம் தண்ணி குடிக்கப் போயிடும். அதான் வெட்டிடறேன்.”

“பட்டியல்ல முதல்ல இருக்கிற பாட்டுன்னா?”

“பட்டியலாவது ஒண்ணாவது. போட்டு ஆட்டக்களம் காலியாச்சுன்னா, எனக்கு அந்தப் பாட்டு செத்துச்சு.”

ஆகா, எப்பேர்ப்பட்ட தேர்வுக்குழு! அன்றிரவு நான் கண்ணால் கண்டது இது: அந்த வாரத்துப் புத்தம்புதுச் சிங்கிளுக்கு நாலு பேர் எழுந்தார்கள். விஜயகாந்த் பாட்டு ஒலித்ததும் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பரிமாறுபவரும் களத்தில்! பொடிசுகள் வந்து தம்பியின் சட்டையை இழுத்துக் கேட்டது தமிழ்ப் பாட்டே இல்லை, ‘கோல்டன்’.

‘கேபாப் டீமன் ஹன்ட்டர்ஸ்’ கேலிச்சித்திரப் படத்தின் அந்தப் பாட்டும் நம் பக்கவாசல் கட்சிதான். அதைப் பாடியவர்களில் ஒருவரான ஈஜே, கொரிய நிறுவனம் ஒன்றில் ஏறத்தாழப் பத்தாண்டு பயிற்சி எடுத்தும் மேடையேற்றப்படாதவர். முகம் காட்ட வாய்ப்புக் கிடைக்காத அவர் குரல், 2025 ஆகஸ்ட்டில் ஒரு கேலிச்சித்திரப் பாத்திரத்தின் வாய்வழியே பில்போர்டு ஹாட் 100-இல் முதலிடம் ஏறியது. அதற்கு முந்தைய ஆண்டு உலகையே ஆட்டிய ரோஸே, புருனோ மார்ஸ் ஜோடியின் ‘அபத்’ பாட்டும் அப்படித்தான். கொரியர்கள் குடிக்கும்போது விளையாடும் விளையாட்டு ஒன்றை ரோஸே ஒலிப்பதிவுக் கூடத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்போய்ப் பிறந்தது.

திரும்பத் தம்பியின் திரைக்கு வருகிறேன். அடியில் இன்னொரு கோப்புறை இருந்தது: ‘நம்ம ஊரு’. ஆர்வமாகத் திறக்கச் சொன்னேன். யங் ராஜா, ஷபீர், எல்லைக்கு அப்பாலிருந்து யோகி பி. “இதையெல்லாம் எப்ப போடுவீங்க?” “யாரும் கேக்கறதில்லையேக்கா.”

எனக்குச் சுருக்கென்றது. பக்கவாசல் கதை என்றால் இவர்களை மிஞ்ச ஆள் உண்டா? தமிழ் ராப் சென்னையில் வேர்பிடிக்கும் முன்பே, 2006-இல் மலேசியாவிலிருந்து யோகி பி & நட்சத்திராவின் ‘வல்லவன்’ வந்துவிட்டது. அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் ஜி.வி. பிரகாஷ் இசையில் யோகி பி குரல். இங்கே நம் யங் ராஜா 2018-இல் ஓர் அமெரிக்க ராப் பாட்டைக் கிண்டலடித்து ‘பூரி கேங்’ என்று பாடிப்போட்டார். சிரிக்கத்தான் ஊரே பார்த்தது. பிறகு ‘முஸ்தஃபா’ வந்தது, டெஃப் ஜாம் தென்கிழக்காசியா இசை நிறுவனத்தோடு ஒப்பந்தமும் வந்தது. தமிழும் ஆங்கிலமும் ஒரே மூச்சில் கலந்து நாம் கோப்பிக்கடையில் பேசுகிற அதே பேச்சு, உலகத்தரத் தாளத்தில். ஷபீர் வசந்தம் ஸ்டார் போட்டியில் பாடி வந்தவர். ‘சிங்கை நாடு’ பாட்டைத் தேசிய தினத்தில் முணுமுணுக்காத நம்மவர் குறைவு. அவரே சென்னைக்குப் போய் ‘சகா’ படத்துக்கு இசையமைத்து, குறுந்தொகைப் பாட்டொன்றை எடுத்துக் காதல் மெட்டில் ‘யாயும்’ ஆக்கினார். சங்கக் கவிதை சிங்கப்பூர்க்காரர் கைவழியே சென்னைக் கல்லூரிப் பிள்ளைகளின் காதுக்குப் போயிருக்கிறது! இதைவிடப் பெருமை வேண்டுமா?

ஆக, என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். முன்வாசல் பாட்டுக்கு நாம் தேவையில்லை. அதற்கு விளம்பரம் இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது, மாலை ஆறு மணி இருக்கிறது. பக்கவாசல் பாட்டுக்கு இருப்பதெல்லாம் கேட்கிற ஆள்தான். ஓராண்டில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை காசு தருவதில்லை. நம்மூர்ப் பிள்ளை ஒருவர் படுக்கையறையில் மைக்கை வைத்துப் பதிவுசெய்த பாட்டுக்கு அந்த ஆயிரத்தைத் தாண்டுவது பெரும்பாடு. நமக்கோ அது ஒரு கல்யாண மண்டபத்துக் கூட்டம், ஆளுக்கு இரண்டு முறை.

எனவே ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த கல்யாணத்தில் டிஜே மேசைப்பக்கம் போனால் ‘நம்ம ஊரு’ கோப்புறையிலிருந்து ஒன்றைக் கேளுங்கள். ஒலி 96.8-இல் விருப்பப் பாடல் கேட்கும்போது ஒரு முறையாவது சிங்கப்பூர்ப் பெயரைச் சொல்லுங்கள். கைப்பேசியில் போட்டால் முப்பது வினாடியைத் தாண்டிக் கேளுங்கள். பிடிக்கவில்லையென்றால் திட்டுங்கள், அது ரசிகர் உரிமை. கேட்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.