நூலகத் திரைப்பதிவுப் பாடம்

நூலகத் திரைப்பதிவுப் பாடம் என்பது கணினித் திரையில் நிகழும் செயல்களைப் பதிவு செய்து, விளக்கக் குரலுடன் நூலகப் பயனர்களுக்கோ பணியாளர்களுக்கோ கற்பிக்கும் குறு நிகழ்படம் ஆகும். நூற்பட்டியலில் தேடுதல், நூலை முன்பதிவு செய்தல், ஆய்விதழ்த் தரவுத்தளங்களைப் பயன்படுத்தல் முதலியன இதன் வழமையான பொருள்கள். இவ்வகைப் பதிவுகளுக்கு 'ஸ்கிரீன்காஸ்ட்' என்ற ஆங்கிலப் பெயர் 2004 இல் ஏற்பட்டது. எழுத்தாளர் ஜான் உடெல் தம் வாசகர்களிடம் பெயர் கேட்டு, வந்தவற்றுள் இதைத் தேர்ந்தெடுத்தார்.

பயன்பாடு

செஞ்சிக் கோட்டையைப் பற்றி ஒரு மாணவர் இணையவழி நூற்பட்டியலில் ஆங்கில எழுத்துகளில் தேடுவதாகக் கொள்வோம். ஒலிப்பின்படி 'எஸ்' எழுத்தில் தொடங்கும் வடிவத்தை உள்ளிட்டால், சி. எஸ். சீனிவாசாச்சாரி எழுதி 1943 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூல் அகப்படாமல் போகலாம். அந்நூலின் தலைப்பில் ஊர்ப்பெயர் 'ஜி' எழுத்தில் தொடங்குகிறது. பட்டியலில் மாற்று வடிவங்கள் இணைக்கப்பட்டிருந்தால் சிக்கல் இல்லை; இல்லையெனில், நூல் அலமாரியில் இருந்தும் மாணவர் வெறுங்கையுடன் திரும்புவார். முதல் தேடல் தோற்பதையும், எழுத்துக்கூட்டலை மாற்றியதும் நூல் கிடைப்பதையும் இரண்டு நிமிடப் பதிவு ஒன்று காட்டிவிடும். வெற்றி பெறும் தேடலை மட்டும் காட்டும் பாடங்களால் பயன் குறைவு.

பேச்சுவழிப் பாடத் திட்டம்

இந்தியாவில் இம்முறையைப் பேரளவில் கையாண்டது மும்பை இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம். வேதிப்பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா இதை முன்னெடுத்தார். நடுவண் அரசு 2009 இல் தொடங்கிய, தகவல் தொழினுட்பவழிக் கல்விக்கான தேசிய இயக்கம் இதற்கு நிதியளித்தது. கட்டற்ற மென்பொருள்களைக் கற்பிக்கும் இதன் பாடங்கள் பெரும்பாலும் பத்து நிமிட அளவிலானவை. மாணவர் நிகழ்படத்தையும் மென்பொருளையும் திரையில் அருகருகே திறந்துவைத்து, நிறுத்தி நிறுத்தித் தாமும் செய்து பார்க்க வேண்டும்.

கோகா என்னும் நூலக மேலாண்மை மென்பொருளுக்கும் இத்திட்டத்தில் பாடவரிசை உண்டு. பழைய நூலக மென்பொருள் 2000 ஆம் ஆண்டுச் சிக்கலைத் தாங்காது என்பதால், நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக உருவாக்கப்பட்ட மென்பொருள் இது. மாவோரி மொழியில் கோகா என்றால் கொடை. 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது.

உருவாக்கும் முறை

முதலில் உரைவரைவு எழுதப்படும். ஒரு பத்தியில் திரையில் நிகழ்வதும், எதிர்ப்பத்தியில் பேச வேண்டியதும் இடம்பெறும். மென்பொருளை அறியாத ஒருவர் வரைவைப் படித்துச் செய்து பார்த்த பின்னரே பதிவு தொடங்கும். இப்படியைத் தவிர்ப்பவர்கள் பின்னர் முழுப் பாடத்தையும் மறுபதிவு செய்ய நேரிடும். திரைப்பதிவுக்கு ஓபிஎஸ், ஒலித்தொகுப்புக்கு ஆடாசிட்டி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் போதும். நூலகங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: உண்மையான உறுப்பினர்களின் பெயரோ இரவல் விவரமோ திரையில் தெரியக்கூடாது. அதற்கெனப் போலிக் கணக்குகளை உருவாக்கிக்கொள்வதே முறை.

தமிழ்க் குரல்

பேச்சுவழிப் பாடங்களில் திரை ஆங்கிலத்திலேயே இருக்கும். குரல் மட்டும் இந்திய மொழிகளுக்கு மாற்றப்படும். ஆங்கில இடைமுகத்தில் பழகினால் வேலைவாய்ப்பு குறையாது என்பது திட்டத்தாரின் வாதம்.

தமிழில் குரல் கொடுப்பதில் தனி இடர் ஒன்றுண்டு. ஆங்கில ஏவல் தொடரில் வினை முதலில் வரும். தமிழில், "வலப்பக்க மேல்மூலையிலுள்ள பொத்தானைச் சொடுக்கவும்" என்று வினை இறுதியில் வருகிறது. குரல் 'சொடுக்கவும்' என்பதை எட்டுமுன் சுட்டி சொடுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். எனவே குரலைச் சற்று முன்னரே தொடங்க வேண்டும். அல்லது படத்தை ஓரிரு நொடிகள் உறையவைக்க வேண்டும். தமிழிலேயே வரைவெழுதிப் பதிவு செய்தால் இச்சிக்கல் எழாது.

காலாவதி

கோகா பாடவரிசை 16.05 பதிப்பைக் கொண்டு அமைந்தது; அவ்வெண் 2016 மே மாதத்தைக் குறிக்கும். கோகாவின் புதிய பதிப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. பொத்தான்கள் இடம் மாறும்போது பழைய பாடம் கற்பவரைக் குழப்பும். பணிக்கொன்றாகச் சிறு பாடங்களைத் தயாரித்தால், மாறியதை மட்டும் மீண்டும் பதிவு செய்யலாம். இத்திட்டப் பாடங்கள் படைப்பாக்கப் பொதுமங்களின் குறிப்பிடுதல்-பகிர்தல் உரிமத்தில் வெளியானவை. ஆதலால் நூலகங்கள் அவற்றைப் படியெடுக்கலாம்; படைத்தவரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் திருத்தியும் வெளியிடலாம்.