ஆங்கிலம் நம் கரையில் பெற்ற இரு சொற்கள்

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள சபைகளிலிருந்து இறையியல் கற்க வரும் மாணவர் பலர், ஆங்கிலத்தைக் குறித்து ஒருவகை அச்சம் கொண்டிருப்பதை நாம் அறிவோம். விளக்கவுரைகளில் பெரும்பாலானவை அம்மொழியிலேயே உள்ளன. பிழையறப் பேச இயலாதோர் வகுப்பில் வாய் திறப்பதில்லை. ஆயினும் அதன் வரலாற்றை நோக்கின், ஆங்கிலமும் பிறரிடம் கடன்பெற்று வளர்ந்த மொழியே என்பது விளங்கும்.

ஐந்தாம் நூற்றாண்டளவில் கடல் கடந்து பிரிட்டனில் குடியேறிய ஆங்கிளர், சாக்சானியர் முதலிய ஜெர்மானியக் குலத்தாரின் பேச்சே அதன் வேர். 1066-இல் நார்மானியர் அந்நாட்டை வென்றபின் அரசவை நெடுங்காலம் பிரெஞ்சு பேசிற்று; வழிபாடு இலத்தீனில் நடந்தது. ஆங்கிலமோ எளியோரின் பேச்சாய் நின்றது. வில்லியம் டிண்டேல் தாம் பெயர்த்த புதிய ஏற்பாட்டை 1526-இல் ஜெர்மனியிலுள்ள வோர்ம்ஸ் நகரில் அச்சிட வேண்டியதாயிற்று; 1536-இல் அவர் கொல்லப்பட்டார். பின்னர் வணிகமும் பேரரசும் அம்மொழியை உலகெங்கும் கொண்டுசென்றன. இன்று சிங்கப்பூரிலும் நைஜீரியாவிலும் ஜமைக்காவிலும் அது வெவ்வேறு ஒலியோடும் நடையோடும் வழங்குகிறது.

சென்னையில் 1640-இல் கோட்டை எழுந்த காலத்தில் இக்கரையின் வணிகப் பொதுமொழி போர்ச்சுகீசியமே. கும்பெனியின் 1698-ஆம் ஆண்டுப் பட்டயம், இங்கு வரும் குருமார் அம்மொழியைக் கற்க வேண்டுமெனப் பணித்தது. சாவி, ஜன்னல், மேஜை, ஏன், பாதிரி என்னும் சொல்லும் அவ்வழி வந்தனவே. நாம் பெற்றது இவ்வாறிருக்க, நாம் கொடுத்தவற்றுள் இரண்டைக் காண்போம்.

முதலாவது கட்டுமரம். 1697-இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலில் இச்சொல் காணப்படுகிறது. மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கட்டிய மிதவையையே நம் மீனவர் இப்பெயரால் அழைத்தனர். இன்றைய ஆங்கிலத்திலோ அது இரட்டை அடிப்பகுதி கொண்ட படகைக் குறிக்கிறது. திருவொற்றியூர் மீனவர் அதைக் கண்டால் நகைப்பார். இதில் எவருக்கும் இழப்பில்லை.

இரண்டாவது சொல் அத்தகையதன்று. பறையர் என்னும் நம் மக்களின் பெயர் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில நூல்களில் ஏறிற்று. பறை என்னும் இசைக்கருவியினின்று அப்பெயர் வந்தது என்பர் பலர். ஆங்கிலம் அதனைச் சமூகத்தால் ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாக்கியது. தெருநாய்க்கும் அதனை அடைமொழியாக்கியது. சமூகவியலறிஞர் மாக்ஸ் வேபர் பண்டைய யூதரைக் குறிக்க இச்சொல்லையே ஆண்டார். அவர் ஜெர்மன் மொழியில் எழுதிய அந்நூல் 1952-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது முதல், பழைய ஏற்பாட்டு ஆய்வுரைகள் வழியாக அச்சொல் நம் மாணவரிடமும் வந்து சேர்கிறது.

இங்கேதான் ஆயர் விழிப்பாயிருத்தல் வேண்டும். இலண்டனில் அதைப் படிப்பவருக்கு அது ஓர் உருவகம். நம் ஆலயத்தில் அமர்ந்திருப்போருக்கோ தங்கள் பாட்டனாரின் பெயர், வசையாக எறியப்பட்ட பெயர். எம் வகுப்பில் மாணவர் ஒருவர் அத்தகைய பகுதியொன்றைத் தமிழாக்கி வாசிக்கையில், அச்சொல்லை அப்படியே எழுதியிருந்தார். பின்வரிசையிலிருந்த வடசென்னை மாணவர் தலை கவிழ்ந்தார். வகுப்பு முடிந்தபின் வாசித்தவர் அதனை உணர்ந்து எம்மிடம் வந்தார். மூலநூலாசிரியரின் கருத்துக்கு ஊறு நேருமே என்று தயங்கினார். நேராது என்றோம், ஆசிரியர் கூற விரும்பியது நிலையையேயன்றி ஒரு குலத்தையன்று. மறுநாள் அவர் கொணர்ந்த தாளில் அச்சொல் அடிக்கப்பட்டு, மேலே "ஊருக்குப் புறம்பே நிறுத்தப்பட்ட மக்கள்" என்றிருந்தது.