மிக்-21 முதல் நாட் வரை: கிடைக்காத மாதிரி விமான கிட்களைத் தேடிப் பெறுவது எப்படி?

புதுடெல்லி: இந்திய விமானப்படையில் 1963-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட மிக்-21 போர் விமானம், 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் நடைபெற்ற விழாவுடன் பணியிலிருந்து விடைபெற்றது. இனி அவ்விமானத்தை அருங்காட்சியகங்களிலும் நினைவுச் சின்னங்களிலும் மட்டுமே காண இயலும். அதைத் தம் கையாலேயே சிறிய வடிவில் உருவாக்கி வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புவோரும் உண்டு. பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி, அசலின் துல்லியமான அளவுமாதிரியை உருவாக்குவதே அவர்களின் பொழுதுபோக்கு.

ஆனால் இந்தியப் போர் விமானங்களை உருவாக்க முனைவோர் சந்திக்கும் முதல் தடை ஒட்டுவதிலோ வண்ணம் பூசுவதிலோ இல்லை. தேவையான கிட் சந்தையில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அதில் இந்திய அடையாளங்கள் இருப்பதில்லை. இதற்கான காரணம் என்ன, எவ்வாறு தேடினால் கிடைக்கும் என்பதை இங்கே காணலாம்.

ஏன் கிடைப்பதில்லை?

மாதிரி விமானத்தின் பாகங்கள், உருகிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தித் தயாரிக்கப்படுகின்றன. இதில் பிளாஸ்டிக்கின் விலை மிகக் குறைவு. அச்சை உருவாக்குவதற்கே பெருஞ்செலவு ஆகும். ஆகவே, உலகம் முழுவதும் விற்கக்கூடிய விமானங்களையே பெரிய நிறுவனங்கள் தேர்ந்தெடுக்கின்றன. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், அமெரிக்காவின் மஸ்டாங், ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் ஆகியவற்றுக்குப் பல நிறுவனங்களின் கிட்கள் இருப்பது இதனால்தான்.

இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எச்எஃப்-24 மாருத் விமானத்தின் நிலை வேறு. ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் உருவான அவ்விமானம், 1961 ஜூன் 17 அன்று முதன்முறையாகப் பறந்தது. மொத்தம் 147 மாருத் விமானங்கள் மட்டுமே தயாரிக்கப்பட்டன. போர்ப்படையில் அதைப் பயன்படுத்திய ஒரே நாடு இந்தியா. இத்தகைய விமானத்துக்கு எஃகு அச்சு செய்தால், போட்ட முதலை மீட்பதே கடினம்.

எனவே இவ்வகை விமானங்களைச் சிறு நிறுவனங்களே கையில் எடுக்கின்றன. அவை மலிவான, குறுகிய ஆயுள் கொண்ட அச்சுகளையோ ரெசின் வார்ப்பையோ பயன்படுத்துகின்றன. குறைந்த எண்ணிக்கையில் தயாரானதும் உற்பத்தி நின்றுவிடும். பாகங்களைச் சரியாகப் பொருத்துவதற்கான முளைகள் பல வேளைகளில் இருப்பதில்லை. தேய்த்தும் செதுக்கியும் சேர்க்க வேண்டியிருக்கும். முதல் முயற்சியாக இவற்றை வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது.

பெட்டியை அல்ல, அச்சைத் தேடுங்கள்

தேடலில் நினைவில் கொள்ள வேண்டிய அடிப்படை ஒன்று உண்டு. கிட்டின் பெட்டி மறைந்துபோகலாம். அச்சு எளிதில் மறைவதில்லை. நிறுவனங்கள் மூடப்படும்போதும் கைமாறும்போதும் அச்சுகள் வேறு நிறுவனங்களுக்குச் செல்கின்றன. அதே பாகங்கள் புதிய பெயரில், புதிய படத்துடன் மீண்டும் விற்பனைக்கு வருகின்றன.

பிரிட்டனின் ஃப்ராக் நிறுவனம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1936-ஆம் ஆண்டிலேயே ‘பென்குயின்’ என்ற பெயரில் 1/72 அளவிலான பிளாஸ்டிக் கிட்களை வெளியிட்ட நிறுவனம் அது. 1970-களில் அதன் உற்பத்தி முடிவுக்கு வந்தபோது, பெரும்பாலான அச்சுகள் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்று, ‘நோவோ’ என்ற பெயரில் கிட்களாக வெளிவந்தன. இரண்டாம் உலகப் போரில் எதிரணியில் இருந்த ஜெர்மனி, ஜப்பான் நாடுகளின் விமான அச்சுகளைச் சோவியத் தரப்பு ஏற்கவில்லை; அவை ரெவெல் நிறுவனத்தை அடைந்தன. மோனோகிராம், மேட்ச்பாக்ஸ் ஆகியவற்றின் அச்சுகள் பலவும் பின்னாளில் ரெவெல் வசம் வந்தன. எஸ்கி நிறுவனத்தின் அச்சுகள் இத்தாலியின் இட்டாலெரியிடம் சென்றன.

இதனால் வாங்குபவருக்கு இரண்டு பயன்கள் உண்டு. முதலாவது, ஒரு பழைய கிட் அரிதானது என்று கூறி அதிக விலை கேட்கப்பட்டால், அதே பாகங்கள் வேறொரு நிறுவனத்தின் பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றனவா எனப் பார்க்கலாம். இரண்டாவது, பளபளப்பான புதிய பெட்டிக்குள் அரை நூற்றாண்டு பழைய அச்சின் பாகங்கள் இருந்தால், அதை முன்கூட்டியே அறிந்து ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். ‘ஸ்கேல்மேட்ஸ்’ போன்ற இணையத் தரவுத்தளங்கள், ஒவ்வொரு அச்சும் எந்த ஆண்டு உருவாகி, எந்தெந்தப் பெயர்களில் வெளிவந்தது என்பதைக் கால வரிசையில் காட்டுகின்றன.

பெரிய நிறுவனங்களும் ஒரு கிட்டை ஆண்டு முழுவதும் தயாரிப்பதில்லை. ஒரு தொகுதியைத் தயாரித்தபின் அச்சைக் கிடங்கில் வைத்துவிட்டு, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுப்பது வழக்கம். ‘உற்பத்தி நிறுத்தப்பட்டது’ என்ற அறிவிப்பு எப்போதும் நிரந்தரமானதன்று. காத்திருப்பதும் ஒரு வழியே.

பெயர் ஒன்று, வகைகள் பல

இந்திய விமானத்துக்கான கிட்டைத் தேர்வு செய்வதில் பிழை நேர்வது பெரும்பாலும் வகையைப் பொறுத்தே. 1965 போரில் புகழ்பெற்ற நாட் விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பரவலாக அறியப்பட்ட நாட் கிட், பிரிட்டிஷ் விமானப்படையின் இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். இந்தியா பயன்படுத்தியதோ ஒற்றை இருக்கைப் போர் விமானம். பயிற்சி விமானத்தின் உடற்பகுதி நீளமானது, இறக்கையும் பெரியது. இந்திய மூவண்ணச் சின்னத்தை ஒட்டிவிட்டால் மட்டும் அது இந்திய நாட் ஆகிவிடாது. 1/72 அளவில் ஒற்றை இருக்கை வகையையும், அதன் இந்திய வளர்ச்சியான அஜீத்தையும் செக் குடியரசின் ஸ்பெஷல் ஹாபி நிறுவனம் வெளியிட்டுள்ளது.

மிக்-21 விமானத்திலும் இதே சிக்கல் உண்டு. இந்தியாவில் எஃப்எல், எம், பிஸ் ஆகிய வகைகள் தயாரிக்கப்பட்டன. பின்னர் பிஸ் விமானங்கள் ‘பைசன்’ தரத்துக்கு மேம்படுத்தப்பட்டன. செக் குடியரசின் எட்வார்ட் நிறுவனம் 2011 முதல் 1/48 அளவில் பல மிக்-21 வகைகளை வெளியிட்டு வருகிறது. இவற்றில் பிஎஃப் வகை கிட், எஃப்எல் விமானத்துக்கு நெருக்கமான தொடக்கம். எம்எஃப் வகை கிட், எம் விமானத்துக்கு நெருக்கமானது. எஃப்எல் விமானத்தில் உள்ளமைந்த பீரங்கி இல்லை. அதனால் 1971 போர்க்கால விமானத்தை உருவாக்குவோர், அடிப்பகுதியில் பொருத்தப்பட்ட ஜிபி-9 துப்பாக்கிப் பேழையைத் தனியாகத் தேட வேண்டியிருக்கும்.

ஆகவே கிட்டை வாங்குவதற்கு முன், எந்தப் படைப்பிரிவின், எந்த ஆண்டின், எந்த எண் கொண்ட விமானம் என்பதை ஒரு புகைப்படத்தை ஆதாரமாகக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். அளவையும் முன்பே தீர்மானிப்பது அவசியம். சுமார் 15 மீட்டர் நீளமுள்ள மிக்-21, 1/72 அளவில் ஏறத்தாழ 21 சென்டிமீட்டரும், 1/48 அளவில் ஏறத்தாழ 31 சென்டிமீட்டரும் இருக்கும். ஒரு அளவுக்கான உதிரிபாகம் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

தொலைந்த பாகமும் இல்லாத சின்னமும்

பாகம் உடைந்தாலோ தொலைந்தாலோ, முதலில் அணுக வேண்டியது தயாரிப்பு நிறுவனத்தையே. டாமியா, ரெவெல் போன்றவை மாற்றுப் பாகங்கள் வழங்கும் சேவையை நடத்துகின்றன. செய்முறைத் தாளில் உள்ள பாக எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். எனவே வேலை முடியும்வரை செய்முறைத் தாளையும் பெட்டியையும் எறியக் கூடாது.

மிக்-21 மாதிரியில் அடிக்கடி உடைவது, மூக்கில் நீண்டிருக்கும் மெல்லிய பிடோட் குழாய். அதைப் பித்தளையில் கடைந்து விற்கும் நிறுவனங்கள் உள்ளன. மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியின் முனையை மழுக்கி, உரிய நீளத்துக்கு வெட்டிப் பயன்படுத்துவதும் நடைமுறையில் உள்ள எளிய மாற்று.

நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்களான டிகால்களே பெரும்பாலும் கிடைப்பதற்கு அரியவை. சாதாரண அச்சுப்பொறிகளால் வெள்ளை நிறத்தை அச்சிட முடியாது. இந்திய விமானப்படையின் வட்டச் சின்னத்தில் நடு வளையம் வெள்ளை என்பதால், வீட்டில் அச்சிடுவோர் வெள்ளைப் பின்புலம் கொண்ட டிகால் தாளைப் பயன்படுத்தி, விளிம்பை ஒட்டி வெட்டியெடுக்க வேண்டும். பழைய கிட்டின் டிகால் மஞ்சளாகியிருந்தால், சன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாட்கள் ஒட்டி வைத்தால் நிறம் வெளுக்கும். பின்னர் தெளிந்த வார்னிஷ் பூசினால், நீரில் நனைக்கும்போது அது துண்டு துண்டாக உடைவது குறையும்.

சுங்கவரி கணக்கு

சுங்க வகைப்பாட்டில் அளவுமாதிரிகளும் குழந்தைகளின் பொம்மைகளும் 9503 என்ற ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க எடுக்கப்பட்ட இந்நடவடிக்கையின் சுமை, மாதிரி விமான கிட்களை இறக்குமதி செய்யும் சிறு கடைகள் மீதும் விழுகிறது. வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக அனுப்பப்படும் 5,000 ரூபாய் வரையிலான பொருட்களுக்கு இருந்த வரிச்சலுகையும் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது.

தனிநபர் தருவிக்கும் பொருளுக்கான வரி வீதம் வேறுபடலாம் என்பதால், வாங்கும் நாளில் நடப்பில் உள்ள வீதத்தைச் சரிபார்க்க வேண்டும். வரி, பொருளின் விலைக்கு மட்டுமன்றிப் போக்குவரத்துச் செலவும் சேர்ந்த மதிப்புக்கே கணக்கிடப்படுகிறது. ஆகவே சிறு பாகங்களைத் தனித்தனியாகத் தருவிப்பதைவிட, நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரே பொதியாக வாங்குவது சிக்கனமானது. எனாமல், லாக்கர் வண்ணங்கள் தீப்பற்றக்கூடியவை என்பதால் விமான அஞ்சலில் அவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. அவற்றை உள்நாட்டிலேயே வாங்குவது உகந்தது.

பழையதை வாங்கும்போது கவனம்

பிறர் சேகரிப்பிலிருந்து பழைய கிட் வாங்குவோர், பெட்டியின் படத்தைக் கண்டு பணம் செலுத்தக் கூடாது. பாகச் சட்டங்கள் அனைத்தும் உள்ளனவா, விமானி அறையின் கண்ணாடி மூடி விரிசலின்றி உள்ளதா, டிகால் தாள் ஈரம் படாமல் உள்ளதா என்பதைக் காட்டும் புகைப்படங்களைக் கேட்டுப் பெற வேண்டும். செய்முறைத் தாள் இல்லாதது பெரிய குறையன்று. பலவற்றின் பிரதிகள் இணையத்தில் உள்ளன. கண்ணாடி மூடி இல்லையெனில், அதற்கு ஈடு கிடைப்பது கடினம்.

மிகக் குறைந்த விலையில் விற்கப்படும் ரெசின் பாகங்கள் குறித்தும் எச்சரிக்கை தேவை. சிறு நிறுவனங்களின் பாகங்களை அனுமதியின்றி நகலெடுத்து வார்ப்பவர்கள் உள்ளனர். நகலில் நுணுக்கங்கள் மழுங்கியிருக்கும். அதைவிடப் பெரிய இழப்பு வேறு: சில நூறு பேர் வாங்குவதை நம்பியே அரிய விமானங்களுக்குப் பாகம் செய்யும் ஒரு பட்டறை, நகல்களால் விற்பனையை இழந்தால் அடுத்த பாகத்தை உருவாக்காது. மாருத், அஜீத் போன்று ஒரே நாட்டின் வானில் பறந்த விமானங்களுக்கு, அத்தகைய பட்டறைகளை விட்டால் வேறு வழியில்லை.